வார நாளில் ஸ்பேனர், ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்: பொறியாளர் விமானம் ஓட்டினால் எதைப் பார்ப்பார்?

[காட்சி: சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையம், காலை. இரவு மழையில் தரை இன்னும் ஈரம்.]

ஒற்றை எஞ்சின் விமானத்தின் இறக்கைக்கு அடியில் ஒரு பெண் குனிந்து, கண்ணாடிக் குழாயில் எரிபொருள் பிடிக்கிறார். வார நாளில் இவர் பராமரிப்புக் கூடத்துப் பொறியாளர். இன்று விமானி.

இரண்டுக்கும் ஒரே உரிமம் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. வேலை முடித்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட, சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் எஸ்ஏஆர்-66 உரிமம் வேண்டும். எஞ்சின், உடற்பகுதி என்றால் பி1. மின்னணுக் கருவிகள் என்றால் பி2. பாலிடெக்னிக் டிப்ளோமாவோ பல்கலைக்கழகப் பட்டமோ மட்டும் போதாது, தேர்வும் கூடத்து அனுபவமும் சேர வேண்டும். தனியார் விமானி உரிமம் தனிக் கணக்கு. அனைத்துலக அடிப்படை விதிப்படி வயது 17, பறந்த நேரம் பொதுவாக 40 மணி, கூடவே மருத்துவச் சான்று. அதை வைத்துக் கூலிக்குப் பறக்க முடியாது.

[நெருக்கக் காட்சி: குழாய்]

தண்ணீர் எரிபொருளைவிடக் கனம். தொட்டியின் அடியில் தேங்கும்; எஞ்சினுக்குப் போனால் ஓட்டம் நிற்கும். குழாயின் அடியில் முத்துப் போல உருண்டு நின்றால் எளிதில் தெரிந்துவிடும். ஆபத்து வேறு இடத்தில்: பிடித்தது முழுக்கத் தண்ணீராக இருந்தால் பிரிகோடே இருக்காது, சுத்தமான எரிபொருள் போலவே தெரியும். அதனால் பின்னால் வெள்ளைத் தாள் வைத்து நிறம் பார்க்க வேண்டும். சிறு விமானங்களுக்கான பெட்ரோல் அவ்காஸ் 100எல்எல் என்றால் இளநீலம். முகர்ந்தும் பாருங்கள்.

விமானி தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பார். பொறியாளர் இறக்கை மேலே ஏறி, தொட்டி மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தை விரலால் தடவுவார். அது காய்ந்து வெடித்திருந்தால் நம்மூர் மழைக்கு அதுதான் வாசல். வளையத்தை மாற்றாமல் எத்தனை தடவை வடித்தாலும் அடுத்த மழைக்குப் பிறகு அதே கதை.

[காட்சி: பிட்டோ குழாய், சிவப்பு நாடா கட்டிய உறை]

வேகமானிக்குக் காற்றழுத்தம் தருவது இந்தக் குழாய். உறை போடாமல் நிறுத்தினால் குளவி மண் பூசிவிடும். முன்துளையும் வடிதுளையும் சேர்ந்து அடைபட்டால் பழைய அழுத்தம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், முள்ளோ வேகம் கூடுவதாகக் காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் உண்மையான வேகம் குறைந்து விமானம் தூக்குவிசையை இழக்கும். குச்சியால் குத்தாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், கருவி கெடும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது முள் அசையவில்லையா? பிரேக்.

[காட்சி: விமானி அறை]

உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு சேதி. டயமண்ட் டிஏ40 என்ற சிறு விமானத்தில் இருக்கை நகராது, பெடல்தான் நகரும். எட்டிப் பார்க்க மெத்தை போட்டால் தொடை உயர்ந்து ஸ்டிக்கில், அதாவது விமானத்தை இயக்கும் கைப்பிடியில், இடிக்கலாம். மெத்தை வைத்த பிறகு ஸ்டிக்கை நான்கு பக்கமும் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். செஸ்னா 172-இல் இருக்கை தண்டவாளத்தில் நகரும். பூட்டு விழுந்ததா என்று முன்னும் பின்னும் உலுக்கிப் பார்த்தே ஆக வேண்டும். பாதியில் பின்னால் வழுக்கினால், கை தன்னையறியாமல் கைப்பிடியையும் சேர்த்து இழுத்துவிடும்.

கடைசியாக வெயில். விமானக் கணக்கின் அளவுகோல் கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் வெப்பம். இங்கே மதியம் 32. சூட்டில் காற்று மெலியும்; கூடுதலான ஒரு பாகைக்கு ஏறத்தாழ 120 அடி வீதம், தரையில் நிற்கும் விமானமே 2,000 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். மேலெழும்ப எவ்வளவு ஓடுபாதை வேண்டும் என்று காட்டும் அட்டவணையில் அந்தப் பெண்ணின் விரல் 32 பாகைக் கட்டத்தில் நிற்கிறது. சக பயணி கொண்டுவந்த பையைக் கையில் தூக்கிப் பார்த்து, தராசில் வைக்கச் சொல்கிறார்.