ஆக்சஸ் ஃபைல் 2 ஜிபியை நெருங்கினால் என்ன செய்வது?

[திரையில்: ஆபீஸ் ஷேர்டு டிரைவில் ஒரு ஆக்சஸ் ஃபைல், அளவு 1.9 ஜிபி]

இந்த ஃபைலுக்கு இனி வளர இடமில்லை. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு ஃபைலுக்கு உச்சவரம்பு 2 ஜிபி, டேபிள், ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் சேர்த்துத்தான். காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் (ஃபைலில் வீணாகும் இடத்தை நீக்கும் வசதி) கொடுத்தால் கொஞ்சம் இளைக்கும், ஆனால் டேட்டாவே அவ்வளவு இருந்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அளவை விடுங்கள், ஆக்சஸ் ஏன் இப்படி மெதுவாக இழுக்கிறது? ஆக்சஸில் சர்வர் என்று ஒன்று கிடையாது. ஃபைல் எங்கோ கிடக்கும், தேடுகிற வேலை முழுக்க உங்கள் கம்ப்யூட்டர் தலையில்தான். இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) போடாத ஃபீல்டில் தேடினால், பத்து வரி விடைக்காக மொத்த டேபிளும் நெட்வொர்க்கில் உருண்டு வரும். மைக்ரோசாஃப்டின் சர்வர் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வருக்கு மாறினால், கேள்வி மட்டும் அங்கே போகும், அந்தப் பத்து வரி மட்டும் திரும்பும்.

அதற்காக ஃபார்மையெல்லாம் தூக்கிப் போட வேண்டாம். டேபிள்களை மட்டும் அங்கே நகர்த்தி, ஓடிபிசி என்ற இணைப்பு முறை வழியாக ஆக்சஸிலேயே லிங்க் செய்துகொள்ளலாம். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை இடம். நகர்த்தித் தர மைக்ரோசாஃப்டின் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

[திரையில்: தேதி ஃபீல்டில் 12-03-0219]

இடறுகிற இடம் பெரும்பாலும் இதுதான். யாரோ 2019க்குப் பதில் 0219 என்று அடித்திருப்பார்கள், ஆக்சஸ் 100ஆம் ஆண்டு முதல் எதையும் வாங்கிக்கொள்ளும், எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டைம் வகையோ 1753க்கு முன்னால் போகவே போகாது. நகர்த்துவதற்கு முன்பே இவற்றைத் தேடித் திருத்திவிடுங்கள்.

அப்புறம் யெஸ்/நோ ஃபீல்டு. ஆக்சஸில் 'ஆம்' என்றால் -1, எஸ்க்யூஎல் சர்வரில் 1. அந்த ஃபீல்டு காலியாக இருந்துவிட்டால் இன்னொரு கூத்து: நீங்கள் ஒருவர் மட்டும் திறந்திருக்கும் ரெக்கார்டைச் சேவ் செய்யும்போது 'வேறொருவர் இதை மாற்றிவிட்டார்' என்று எரர் வரும். காலியானவற்றில் 0 நிரப்பி, டீஃபால்ட்டும் 0 வையுங்கள், டேபிளில் ஒரு ரோவெர்ஷன் ஃபீல்டும் (வரி மாறும்போதெல்லாம் தானே மாறும் எண்) சேருங்கள்.

எல்லாம் முடிந்தும் வேகம் வரவில்லையா? க்வெரியின் (டேட்டாவைக் கேட்கும் கட்டளை) நிபந்தனைக்குள் நீங்களே ஆக்சஸின் நிரல் மொழியான விபிஏவில் எழுதிய ஃபங்ஷன் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அது சர்வருக்குத் தெரியாது, அதனால் ஆக்சஸ் பழையபடி எல்லா வரியையும் இங்கே இழுத்துதான் வடிகட்டும். என்னைக் கேட்டால், பெரிய க்வெரிகளை பாஸ்-த்ரூவாக (நேரே சர்வருக்கே போய் அங்கே ஓடும்படி) மாற்றிவிடுவதே நல்லது. அங்கே எழுதும் முறை சில இடங்களில் மாறும்: உதாரணமாக, 'எந்த எழுத்தும் வரலாம்' என்பதற்கான * இடத்தில் % வரும், தேதியைச் சுற்றி # போடாமல் ஒற்றை மேற்கோள் போட வேண்டும்.

பேக்கப்பை மறந்துவிடாதீர்கள். முன்புபோல ஃபைலை காப்பி எடுத்தால் ஆயிற்று என்று இனி இருக்க முடியாது, எக்ஸ்பிரஸில் நேரம் குறித்து ஓட்டும் ஏஜென்ட்டும் இல்லை, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நீங்கள்தான் போட்டுவைக்க வேண்டும்.