சும்மா கம்பெனி கொடு

வணக்கம். நான் 26 வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவன். குடிக்கிற ஒருவரிடம் ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டால் உடம்பு வலி, மனக்கஷ்டம் என்று ஏதாவது சொல்வார். யாரோடு குடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெயர்கள் வரிசையாக வரும். நான் கேட்டவரையில் அதில் முக்கால்வாசிப் பேர் கூட வேலை பார்க்கிறவர்கள்தான்.

எங்கள் ஷிப்ட்டில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். குடித்துப் பழக்கமில்லை. அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, இதைக் கவனியுங்கள், யாருமே கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும், சூப்பர்வைசரிடம் எப்படி லீவு கேட்பது, அடுத்த ஓவர்டைம் யாருக்கு என்பதெல்லாம் ஷிப்ட் முடிந்து குடிக்கிற இடத்தில்தான் பேசுவோம், மறுநாள் காலையில் அதையே சொல்லிச் சிரிப்போம், அவன் ஒன்றும் புரியாமல் ஓரமாக நிற்பான். அப்புறம் ஒரு சம்பள நாளில் அவனும் வந்தான். "குடிக்க வேண்டாம்டா, சும்மா கம்பெனி கொடு" என்று கூப்பிட்டது நான்தான். பாசத்தில்தான் கூப்பிட்டேன். பத்து மணிக்கு அவன் கையிலும் கிளாஸ் இருந்தது.

இந்த ரவுண்டு முறை இருக்கிறதே, ஐந்து பேர் ஆளுக்கு ஒரு ரவுண்டு வாங்கினால், ஒன்றோடு எழுந்திருக்க நினைத்தவரும் ஐந்து குடித்தாக வேண்டும். தன் ரவுண்டு வாங்காமல் எழுந்தால் மரியாதை இல்லை, வாங்கியதைக் குடிக்காவிட்டாலும் மரியாதை இல்லை. முதல் உலகப் போரின்போது, 1915-இல், லண்டனில் ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கிக் கொடுப்பதையே தடை செய்தார்கள். ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை கெடுகிறதே என்ற கவலை அப்போது அரசாங்கத்துக்கு இருந்தது.

அந்தப் பையன் தப்பித்தது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வேறு ஷிப்ட்டிலிருந்து ஓர் அண்ணன் எங்களிடம் மாறி வந்தார். வெறும் சோடாவை வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருப்பார், எல்லோரையும் விட அதிகமாகச் சிரிப்பார், ஒரு வார்த்தை புத்தி சொல்ல மாட்டார். மூன்றாவது வாரம் பையனும் சோடா கேட்டான். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனைகளிலும் இதைத்தான் பார்க்கிறோம். சுற்றி எல்லோரும் தப்பான பதில் சொன்னால், கண்ணுக்குத் தெரிகிற சரியான பதிலை விட்டுவிட்டுப் பலர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அது வெகுவாகக் குறைந்தது. ஒரே ஒருவர் போதும்.

சரி, நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். மேலாளர்களுக்கு நிறையச் சொல்ல நினைத்தேன், இரண்டு மட்டும் சொல்கிறேன். வேலை விஷயத்தை வேலை இடத்திலேயே சொல்லிக்கொடுங்கள். பிரிவுபசாரத்தைப் பகலில், டீயோடு வையுங்கள். அப்புறம் நண்பர்களுக்கு ஒன்று, இது முக்கியம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கூட இருக்கிற நீங்களே அவரை முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வணக்கம்.