குரங்கணிப் பாதையும் அதன் ஓடைகளும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போடிநாயக்கனூரிலிருந்து கொட்டக்குடி ஆற்றை ஒட்டியே போகும் சாலையில் 16 கிலோமீட்டர் போனால் குரங்கணி. பேருந்து அங்கே திரும்பிவிடும். அதற்கு மேல் மலைதான். நிமிர்ந்து பார்த்தால் ஆயிரம் மீட்டருக்கும் கூடுதலான ஏற்றம். உச்சியில் மேகத்துக்குள் டாப் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் கொழுக்குமலை. இடையில் பெயருள்ளதும் பெயரில்லாததுமாக எத்தனையோ ஓடைகள். அந்த ஓடைகளைப் பற்றியும், அவற்றைத் தாண்டிப் போகிற ஒற்றையடிப் பாதைகளைப் பற்றியும் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

என் அப்பா ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதியவர். பத்தொன்பது வயதில் அவரோடு முதன்முதலாக அந்த மலை ஏறினேன். எங்களுக்கு முன்னால் நடந்தவர் அந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களில் ஒரு பெரியவர். முதல் ஓடை வந்ததும் அவர் நின்றார். செருப்பில்லாத காலைத் தண்ணீரில் வைக்கவில்லை. சும்மா நின்றார். களைப்பாறுகிறார் என்று நான் நினைத்தேன். "தம்பி, அது என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டுப் போவோம்" என்றார். அன்றைக்கு அது விளங்கவில்லை. விளங்க எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

முதலில் பாதையின் கதையைச் சொல்கிறேன். இன்று நாம் பொழுதுபோக்காக நடக்கிற இந்தப் பாதை ஒரு காலத்தில் தேயிலை இறங்கிய வழி. மூணாறு தோட்டங்களின் தேயிலையை வெளியே கொண்டுபோக 1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியை இழுத்தவை மாடுகள். 1908ல் அதை மாற்றி, இரண்டடி அகல இருப்புப்பாதையில் நீராவி எஞ்சினே ஓடியது. குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். ரயில் நின்ற இடம் என்பதால்தான் அந்த மலைமுனைக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர் வந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் கீழே, கொட்டக்குடிக்கு இறங்கும். அது பாட்டம் ஸ்டேஷன். நடுவில் வடம் தங்கிப் போன இடம் சென்ட்ரல் ஸ்டேஷன். இன்றும் குரங்கணிக்காரர்கள் "சென்ட்ரலுக்குப் போறேன்" என்று சொன்னால் ரயிலடியைச் சொல்லவில்லை, பாதி மலையில் இருக்கிற ஊரைச் சொல்கிறார்கள். கீழே வந்த பெட்டிகள் மாட்டுவண்டியில் போடிக்கும், பிறகு தூத்துக்குடிக்கும், அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்துக்கும் போயின.

1924 ஜூலையில் பெய்த மழை அந்த ரயிலை ஒரேயடியாக அழித்தது. கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று அதைச் சொல்வார்கள். கொல்லம் ஆண்டு 1099. தண்டவாளம் போனது, பாலங்கள் போயின, எஞ்சின்கள் போயின. பிறகு யாரும் அதை மறுபடி கட்டவில்லை. மனிதக்காலும் குதிரைக் குளம்பும் போட்ட பாதை மட்டும் மிஞ்சியது. எனக்கு இது மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது. இரும்பு போட்ட வழியை எடுத்துக்கொண்ட அதே தண்ணீர், நடந்து போட்ட வழியை ஏன் விட்டுவைத்தது? நடக்கிறவன் தண்ணீரோடு சண்டை போடுவதில்லை. பாதை அரித்துப்போனால் அடுத்த நாளே நாலடி தள்ளி நடக்கிறான்.

கவனித்துப் பார்த்தால் அங்கே இரண்டு விதப் பாதைகள் தெரியும். சுமைக்குதிரை போகிற பாதை வளைந்து வளைந்து, மூச்சு வாங்காமல் ஏறும். காப்பியும் மிளகும் ஏலமும் இலவம்பஞ்சும் அதில்தான் கீழே வரும், அரிசியும் உப்பும் மேலே போகும். முதுவர் பாதை வேறு. மலையின் விலா எலும்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் முதுகின் மேல் நேராக ஏறும். பள்ளத்துக்குள் இறங்காது. ஓடையை ஒரே இடத்தில்தான் கடக்கும், அதுவும் யோசித்துத் தேர்ந்த இடமாக இருக்கும்.

முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது மீனாட்சி அம்மனை முதுகில் சுமந்து வந்தார்களாம், அதனால் முதுவர் ஆனார்களாம். அவர்கள் வீட்டுப் பெண்கள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை கதையாகத் தோன்றாது. இந்தப் பாதைகளை உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். இரண்டு மழைக்காலம் யாரும் நடக்காவிட்டால் உண்ணிச்செடி மூடிவிடும். நான் சின்ன வயதில் நடந்த ஒரு கிளைப்பாதை இப்போது இல்லை. போன முறை தேடிப் பார்த்தேன். ஒரு பொடவுக்கு, அதாவது பாறைக்குகைக்கு, முன்னால் வந்து அப்படியே முடிந்துவிட்டது. மனசு கனத்துப்போய்த் திரும்பி வந்தேன்.

இனி ஓடைக்கு வருகிறேன்.

இந்த மலைக்கு இரண்டு வானம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறுப் பக்கம் கொட்டித் தீர்க்கும். டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்றால் முதுகில் சாரல் அடிக்கும், முகத்துக்கு எதிரே தேனிச் சமவெளியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நம் பக்கச் சரிவுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனாலும் ஓடைகள் அந்த இரண்டு மாதம் மட்டும் ஓடுவதில்லை. மேலே மடிப்புகளுக்குள் சோலைக்காடு இருக்கிறது, அதைச் சுற்றிப் புல்வெளி இருக்கிறது. அந்த மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மழை நின்று ஒரு மாதம் ஆன பிறகும் பாறையிடுக்கில் விரல் பருமனுக்குத் தண்ணீர் வருகிறதென்றால், அது போன மாத மழை. அந்தத் தண்ணீர் கொட்டக்குடி ஆறாகி, வைகையில் போய்ச் சேருகிறது. மதுரைக்காரர் குடிக்கிற தண்ணீரில் இந்த ஓடைகளுக்கும் பங்கு உண்டு.

பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். ஓடை குறுகலாக இருக்கும் இடம் தாண்டச் சுலபம் என்று தோன்றும். அங்கேதான் ஆழமும் இழுப்பும் அதிகம். அகலமாக, கூழாங்கல் மேல் சலசலவென்று ஓடும் இடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். சத்தமில்லாத தண்ணீரை நம்பாதே என்பார். கறுத்து மினுங்கும் பாறையில் கால் வைக்காதே, அது பாசி. பையின் வாரைத் தளர்த்திவிட்டு இறங்கு, விழுந்தால் உதறிவிட்டு எழுந்திருக்கலாம். காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரைக் குடிக்க மாட்டார், மருந்து தெளித்திருப்பார்கள் என்பார். சோலையை விட்டு வெளியே வரும் இடத்தில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்பார்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது அந்த நின்று கேட்பது. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். அப்போது ஓடையின் குரல் தடிக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பிக்கும். அதைப் பார்த்துவிட்டால் ஒரு எட்டும் இறங்கக் கூடாது. ஒருமுறை அப்படி நாங்கள் கரையிலேயே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். எனக்கு ஊருக்குப் போக அவசரம். பெரியவர் மூன்று கல்லைக் கூட்டி வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். இடுப்பளவு ஏறிய தண்ணீர், காப்பி குடித்து, வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. மலை ஓடை ஏறுகிற வேகத்திலேயே இறங்கவும் செய்யும். பொறுக்கத் தெரியாதவர்களைத்தான் அது இழுத்துக்கொண்டு போகிறது.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, தண்ணீர் இல்லாத காலத்தைப் பேசாமல் போக முடியாது. பேச எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் குரங்கணி என்று சொல்லிவிட்டு 2018 மார்ச் 11ஐச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த இளைஞர்கள், அவர்களில் பலர் பெண்கள், கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் நடுவே புல்சரிவில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே, கிடைத்த துணியிலும் போர்வையிலும் தூளி கட்டி, இருட்டில் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்கள் மலைக்காரர்களும் கீழே இருந்த ஊர்க்காரர்களும்.

மார்ச்சில் அந்தச் சரிவு எப்படி இருக்கும் தெரியுமா? ஆள் உயரப் புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். அதில் எலுமிச்சைப்புல்லும் உண்டு. எண்ணெய் உள்ள புல் அது. பகலில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். தீ தனக்கு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே சுடவைத்துக்கொண்டு ஏறும். அதனால் மேட்டில் தீயின் வேகத்துக்கு ஈடாக யாராலும் ஓட முடியாது. எந்த ஓடை கார்த்திகையில் நமக்கு வழித்துணையாக இருந்ததோ, அதே ஓடை வற்றிக் குறுகிய பள்ளமாகக் கிடக்கும்போது புகைபோக்கியாகிவிடும். தீ அதற்குள் இழுத்துக்கொண்டு ஏறும். பள்ளம் பாதுகாப்பு என்று நினைத்து அதற்குள் இறங்குவது அங்கேதான் ஆபத்தாகிறது. தண்ணீரோ அகலமான வெறும்பாறையோ இருந்தால் அது வேறு. ஏற்கெனவே எரிந்து கரிந்த தரை இருந்தால் அதுவும் அடைக்கலம்தான்.

இதெல்லாம் முதுவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். மாசி பிறந்தால் அந்தப் புல்லுக்குள் அவர்கள் தேவையில்லாமல் போக மாட்டார்கள். நகரத்திலிருந்து ஆசையோடு வந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். மலையைப் பார்க்க ஆசைப்பட்டது தப்பா?

அந்த வருஷமே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் இப்போது நடக்க முடியாது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளைத் திறந்தார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அதில் உண்டு. வழிகாட்டிகளாக அந்தந்த மலைப்பகுதி இளைஞர்களையும் பழங்குடி இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து அமர்த்தியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அதுதான். தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். மூடட்டும். போவதாக இருந்தால் மார்கழி, தை மாதங்களில் போங்கள். ஓடையில் தண்ணீர் இருக்கும், வெள்ளம் இருக்காது, புல்லில் ஈரம் இருக்கும். விடியற்காலையில் கிளம்புங்கள். ஓடைப்பக்கம் யாரோ சீட்டியடிப்பது போலக் கேட்டால் திடுக்கிட வேண்டாம், அது சீகாரப் பூங்குருவி. சாணம் சூடாகக் கிடந்தால் வழிகாட்டி நிற்கச் சொல்வார், நின்றுவிடுங்கள். காட்டுமாடு முதலில் போகட்டும். 2018ல் கொழுக்குமலைப் பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷக் கணக்கில் அடுத்தது 2030. அதுவரை காத்திருக்க வேண்டாம், பூவில்லாத மலையும் அழகுதான்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. போன தை மாதம் அவர் பேரனோடு சென்ட்ரல் வரை ஏறினேன். முட்டி வலி, மெதுவாகத்தான் ஏற முடிந்தது. முதல் ஓடை வந்தது. பையன் காதில் மாட்டியிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். கரையில் நின்றான். நானும் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வாங்க தாத்தா, போகலாம்" என்று கையை நீட்டினான்.

நன்றி. வணக்கம்.