நாயைக் கண்டால் கல்லைக் காணோம்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, விடுமுறை நாளிலும் மண்டபத்தைத் திறந்து தேநீரும் வடையும் ஏற்பாடு செய்திருக்கும் செயலாளர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த மருத்துவர் ஐயா அவர்களே, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய பெரியவருக்குத் தனியாக ஒரு நன்றி. 31 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். எங்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

கில்பெக் தேவாலயத்தைப் பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன். தெற்கு வாசல், கூரைக்குக் கீழே உள்ள உருவங்கள், உள்ளே இருக்கும் வளைவு.

கில்பெக், இங்கிலாந்தின் ஹெரெஃபோர்டு நகருக்குத் தென்மேற்கே, வேல்ஸ் எல்லைக்கு அருகே உள்ள சிற்றூர். தேவாலயம் 1140 வாக்கில் எழுந்தது. ரோமனெஸ்க் என்ற பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணி, இங்கிலாந்தில் நார்மன் என்பார்கள். செந்நிற மணற்கல். தெற்கு வாசலின் தூணில் கொடிகளுக்கு நடுவே தொளதொள கால்சட்டை போட்ட இரண்டு வீரர்கள். ஓரத்தில் ஒன்றின் வாலை ஒன்று விழுங்கும் பாம்புகள். மேலே அரைவட்டக் கல்லில் கொடிபோல் கிளைவிட்ட ஒரு மரம். எண்ணூற்றைம்பது வருடத்துக்கும் மேலான மழைக்கும் பனிக்கும் பிறகும் உளி பட்ட விளிம்பு அப்படியே நிற்கிறது. செதுக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அடுத்து கூரை. அதன் விளிம்பைத் தாங்குவதுபோல் சுவரைச் சுற்றிக் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் உருவம். அதில் ஒன்றில் ஒரு வேட்டைநாயும் முயலும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்கிறோமே, தெருநாயை விரட்டக் கல் தேடுகிறவன் சொன்னதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கல்லில் செய்த நாயைப் பற்றியது அது என்று என் குரு சொல்லிக் கொடுத்தார். நாயாகப் பார்த்தால் கல் மறைந்துவிடும். கில்பெக்கில் எனக்குக் கல்லே தெரியவில்லை.

இங்கே ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். போன வருடம் மகள் குடும்பத்தோடு அங்கே போனேன். கைபேசியில் படமாக எடுத்துத் தள்ளினேன். நானூறு இருக்கும். மருமகன் ‘மாமா, மழை வருது, போகலாம்’ என்று காரில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வயதுப் பேத்தியை மட்டும் காணோம். பதறிப்போய்த் தேடினால், கல்லறைகளுக்கு நடுவே புல்லில் சம்மணம் போட்டு, பெட்ரோல் போட்ட ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறாள். முயல் காதை மூன்று முறை அழித்திருந்தாள். தாள் கிழிந்தே போயிருந்தது. ‘தாத்தா, இந்த நாய் முயலைத் துரத்தவே இல்ல, ஃப்ரெண்ட்ஸா இருக்கு, பாத்தீங்களா?’ என்றாள். நான் பார்க்கவில்லை. நானூறு முறை படமெடுத்தவன் பார்க்கவில்லை! அப்புறம் ஊர் திரும்பியதும் கைபேசி பழுதாயிற்று. சரிசெய்யக் கொடுத்த கடையில் எல்லாப் படத்தையும் அழித்துத் திருப்பித் தந்தார்கள். என்னிடம் மிஞ்சியது அந்த ரசீதுதான். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். இதோ, கொண்டுவந்திருக்கிறேன், பின்வரிசை வரைக்கும் கைமாற்றிக் காட்டுங்கள்.

இது தாத்தாவின் பெருமை மட்டும் இல்லை. ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவியர் கில்பெக்கை வரைந்து 1842-இல் வெளியிட்டார். அவர் குறித்துவைத்த தாங்குகற்களில் ஆறு இன்று இல்லை, 85 மிச்சம். அவர் எழுதி வைக்காவிட்டால் ஆறு போனதே நமக்குத் தெரியாது.

இன்னும் கேளுங்கள். அதே ஹெரெஃபோர்டுஷையரில் ஷாப்டன் என்ற ஊரில், இதே பாணிச் சிற்பங்களோடு இன்னொரு தேவாலயம் இருந்தது. கட்டியவர் ஆலிவர் டி மெர்லிமண்ட், ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு யாத்திரை போய்வந்தவர். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை இடித்துப் புதிது கட்டினார்கள். பழைய வளைவுகளைக் குன்றின்மேல் கொண்டுபோய், தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நிறுத்தினார்கள். மேலே கூரை இல்லை. மழை உருவங்களைத் தின்றுவிட்டது. அங்கே போனால் கல்லைக் காணலாம், நாயைக் காணோம். அந்த உருவங்கள் எப்படி இருந்தன என்று அறிய இன்று லூயிஸ் வரைந்த படங்களைத்தான் தேடிப் போகிறார்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் வளைவில் ஒருவர் மேல் ஒருவராக நிற்கும் புனிதர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் தமிழ்ப் பள்ளியில் எழுத்து உண்டு, பாட்டு உண்டு, பரதம் உண்டு. ஓவியம் இல்லை. வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள். சம்பளம் வேண்டாம், இங்கே இருக்கும் வரைக்கும் நானே வருகிறேன். குழந்தைகளை வரிசையாக அந்தந்த ஊர்த் தேவாலயத்துக்கு அழைத்துப்போய், ஒரே ஒரு கல்லை, ஒரு மணி நேரம் பார்த்து வரையவைக்கிறேன். கைபேசி பெற்றோரிடம் இருக்கட்டும்.

நாற்பது பென்சிலும் ரப்பரும் வாங்கி, செயலாளர் அம்மாவின் மேசைமேல் வைத்திருக்கிறேன். கூர் சீவியாயிற்று.