விரலை எண்ண ஆள் வேண்டும்

(திருப்பத்தூரில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது. எழுத்தாக்கும்போது பல இடங்களைச் சுருக்கினேன். ஆறாவது விரல் கதையை மட்டும் சுருக்க மனம் வரவில்லை.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் சங்க நிர்வாகிகளே, மண்டபத்தை வாடகை இல்லாமல் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, அழைத்ததும் தட்டாமல் வந்த ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் ஐயா அவர்களே! நான் என்ன பேசப்போகிறேன் என்று தெரிந்தும் அவர் வந்திருக்கிறார், அதுவே பெரிய விஷயம். பொன்னாடை போர்த்திய தம்பிக்கு நன்றி. இந்த வெயிலுக்கு ஒரு துண்டு போதும் என்று போன வருடமே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் டீ கொடுக்கும்போது வந்து சண்டை போடுங்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். என் வீட்டில் இதை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் கதவுக்குத் தூரமாக உட்கார்ந்திருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன். அடுத்து கோவலன் கதைக்குப் போவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு முன்னால் பேசியவர் அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கிவிட்டார், எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

மூன்று விஷயங்கள் சொல்ல வந்தேன். ஒன்று, பயங்கரவாதி என்று சந்தேகப்படுகிறவனை அரசு விசாரிக்காமல் கொல்லலாமா என்பதில் சட்டத்தின் நிலை. இரண்டு, அந்த வேலை துப்பாக்கி பிடித்த காவலரை என்ன செய்கிறது. மூன்று, வானத்திலிருந்து ட்ரோன் வைத்துக் கொல்வது.

இந்த ஊரில் இதைப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1980 ஆகஸ்டில் இங்கே நடந்த குண்டுவெடிப்பில் காவலர்கள் செத்தார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். அதன் பிறகு வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களில் நக்சலைட்டுகள் என்று சொல்லப்பட்ட இளைஞர்கள் ஒவ்வொருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ‘என்கவுன்டர்’ என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்தது அந்தக் காலத்தில்தான். முதல் சாவுக்கு அழுகிறவன் இரண்டாவது சாவுக்கு அழக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். நான் ஜூனியராக இருந்த காலம். ஊர் பெயர் வேண்டாம். ஒரு நாள் காலையில் பிடிவாரண்டில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர், கையில் சொல்யூஷன் காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கோ வெடிமருந்து வழக்கு. பெயர் பொருந்துகிறது, அப்பா பெயர் பொருந்துகிறது. அந்தப் பெயரை இந்த மண்டபத்தில் கூப்பிட்டால் பத்துப் பேர் எழுந்து நிற்பீர்கள், அதனால் சொல்லவில்லை. “நான் இல்லீங்க” என்கிறார். எல்லோரும் அதைத்தானே சொல்வார்கள்! அவர் மனைவி ரேஷன் கார்டை மஞ்சப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், உள்ளே விடவில்லை. என் சீனியரும் சேர்த்து யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மாஜிஸ்திரேட் கொஞ்சம் மெதுவான ஆள். ஒவ்வொரு தாளையும் எச்சில் தொட்டுத் திருப்புவார், நாங்கள் எல்லாம் உள்ளுக்குள் சபிப்போம். அன்றைக்கும் அப்படித்தான் திருப்பினார். அங்க அடையாளம் எழுதிய இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். “வலது கையில் ஆறு விரல்னு போட்டிருக்கே. கையை நீட்டுப்பா.” நீட்டினார். ஐந்து. “இன்னொரு தரம்.” ஐந்துதான். ஏட்டய்யா அசரவில்லை. “ஆபரேஷன் பண்ணி எடுத்திருப்பான், ஐயா!” கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டு, “அப்ப தழும்பைக் காட்டச் சொல்லு” என்றார். தழும்பு இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அந்த மனிதர் மஞ்சப்பையோடு வீட்டுக்குப் போனார்.

சிரித்துவிட்டீர்கள். நானும் பல வருடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பிறகு ஒரு நாள் உறைத்தது. அவரை உயிரோடு கொண்டுவந்ததால் விரலை எண்ண முடிந்தது. காட்டோரத்தில் பிணமாகக் கிடந்திருந்தால் யார் எண்ணியிருப்பார்கள்?

2000 மார்ச்சில் காஷ்மீரில் சிட்டிசிங்புரா கிராமத்தில் சீக்கியர்கள் 35 பேரை வரிசையாக நிற்க வைத்துச் சுட்டார்கள். கொடுமையிலும் கொடுமை. ஐந்தாம் நாள் பத்ரிபால் என்ற இடத்தில் ராணுவம் ஐந்து பேரைக் கொன்றது; அதைச் செய்த வெளிநாட்டுப் பயங்கரவாதிகள் இவர்கள்தான் என்று அறிவித்தார்கள். நாடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பக்கத்துக் கிராமங்களில் ஆட்களைக் காணவில்லை என்று ஜனங்கள் கத்திய பிறகு, எரிந்து கருகிய உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். டி.என்.ஏ. மாதிரியிலேயே தில்லுமுல்லு நடந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தால் ஐவரும் உள்ளூர்க்காரர்கள். திட்டமிட்ட கொலை என்று ராணுவ அதிகாரிகள் மீது சி.பி.ஐ. 2006இல் குற்றப்பத்திரிகை போட்டது. 2014இல் ராணுவம், போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கை மூடிவிட்டது. தீர விசாரிப்பதே மெய்! சிட்டிசிங்புராவில் செத்த 35 பேருக்கும் இதனால் நியாயம் கிடைக்கவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“கையில் துப்பாக்கியோடு வருகிறவனிடம் விரலையா எண்ணுவாய்?” என்று கேட்பீர்கள். எண்ண வேண்டாம். உயிரைக் காக்கச் சுடலாம், சட்டம் அதை எப்போதும் தடுத்ததில்லை. ஆனால் 2008 நவம்பரில் மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கியபோது துக்காராம் ஓம்ப்ளே என்ற காவலர் கையில் லத்தியோடு போய், அவர்களில் ஒருவனான கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு குண்டு அத்தனையும் தன் உடம்பில் வாங்கிச் செத்தார். அதனால்தான் பத்துப் பேரில் ஒருவன் உயிரோடு அகப்பட்டான். எங்கே பயிற்சி, யார் அனுப்பினார்கள் என்று அவன் வாயிலிருந்தே வந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் 2012இல் தூக்கு. அதே வழக்கில் கூட நிறுத்தப்பட்ட இரண்டு இந்தியர்கள் மூன்று நீதிமன்றங்களிலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையானார்கள். விசாரணை இல்லாமல் போயிருந்தால் அந்த இரண்டு பேர்?

மணிப்பூரில் போலீசும் படையினரும் விசாரணை இல்லாமல் கொன்றதாக 1,528 சாவுகளை வைத்துக்கொண்டு குடும்பங்கள் உச்ச நீதிமன்றம் போயின. நீதிமன்றம் அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்தோஷ் ஹெக்டே குழு ஆறு வழக்குகளை எடுத்துப் பார்த்தது. ஆறும் போலி மோதல். செத்தவர்களில் ஒருவனுக்கு வயது பன்னிரண்டு.

இரண்டாவது விஷயத்தைத் தலைவர் ஐயாவே தம் அனுபவத்திலிருந்து பேசினால் நன்றாக இருக்கும், அவருக்கு விடுகிறேன். மூன்றாவது, 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு காரை அமெரிக்க ட்ரோன் அடித்தது. பத்துப் பேர் போனார்கள், ஏழு பேர் குழந்தைகள். வெடிகுண்டு என்று நினைத்தது தண்ணீர் கேன். கண்ணால் காண்பதும் பொய், கேமராக் கண்ணானாலும்.

மணி எட்டே கால், நன்றியுரை சொல்ல வேண்டிய தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் எதற்காக ஊர் ஊராகப் போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2014இல் உச்ச நீதிமன்றம் போலீஸ் மோதல் சாவுகளுக்குப் பதினாறு கட்டளைகள் போட்டது. பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம், சுட்டவருக்கு உடனே பதவி உயர்வும் பதக்கமும் கூடாது. எல்லாம் நல்லதுதான். ஆனால் மாஜிஸ்திரேட் அறிக்கையை ஊரறிய வெளியிட வேண்டும் என்று அந்தப் பதினாறில் இல்லை. அறிக்கை தமிழில், மாவட்ட இணையதளத்தில், குறித்த கெடுவுக்குள் வர வேண்டும். வீடியோவின் பிரதி குடும்பத்தின் கைக்குப் போக வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். காவல்துறைக்கு விரோதமாக இதில் ஒரு வரியும் கிடையாது. நேர்மையாகச் சுட்ட காவலருக்கு இதைவிடப் பெரிய சாட்சி எது? ஆய்வாளர் ஐயா தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனு, வாசலுக்குப் பக்கத்தில் செருப்பு ஸ்டாண்டை ஒட்டிய மேஜையில் இருக்கிறது. பேனா இரண்டுதான் இருக்கின்றன, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். போன ஊரில் நாலு போய்விட்டன. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி இருக்கிறது. எந்த விரல் என்று தம்பி சொல்லுவார்.