இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும் கைப்பேசி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெற்கு தில்லியில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். தீபாவளி முடிந்து நவம்பர் பிறந்துவிட்டால் தில்லியைப் புகைமூட்டம் சூழ்ந்துகொள்ளும்; எங்களுக்குக் காலையில் எழுந்ததும் செய்யும் வேலை ஒன்று கூடிவிடும். ஜன்னலைத் திறக்காமலேயே வெளியே பார்ப்போம். எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அன்று பள்ளி நடக்குமா என்று செய்தி பார்க்கத் தொடங்குவோம்.

2024 நவம்பர் 14-ஆம் தேதி நினைவிருக்கிறதா? குழந்தைகள் தினம். அன்று மாலைதான் தில்லி அரசின் அறிவிப்பு வந்தது: மறுநாள் முதல் தொடக்க வகுப்புகள் அனைத்தும் இணையவழியில். நான்கு நாள் கழித்து, 18-ஆம் தேதி, நகரின் காற்றுத் தரக் குறியீடு 494-ஐத் தொட்டது. இந்த எண் கூடக் கூடக் காற்று மோசம் என்று பொருள். 450-ஐத் தாண்டினாலே காற்று மாசுக்காக அரசு விதிக்கும் மிகக் கடுமையான நான்காம் கட்டக் கட்டுப்பாடுகள் வந்துவிடும். சின்னக் குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சுவிடுகிறார்கள்; அவர்கள் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் பள்ளிக் கதவு முதலில் மூடப்படுவது அவர்களுக்குத்தான். அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. கதவை மூடிய பிறகு அந்தக் குழந்தைக்குப் பள்ளி என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கொரோனா காலத்தில், 2020-இல், நாங்கள் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. வாட்ஸ்ஆப் குழுவில் ஆங்கிலத்தில் நீண்ட சுற்றறிக்கை. அதன் கீழே அச்செடுத்து நிரப்ப வேண்டிய பயிற்சித்தாள்கள். திரையில் பாதிப் பிள்ளைகள்கூட இல்லை. வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டேன். அக்கறையில்லாத பெற்றோர் என்று மனத்துக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு தாய் பேசினார். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நான்கு வீடுகளில் வேலை செய்பவர். "டீச்சர், ஃபோன் அவர் கையில் இருக்கிறது. வண்டி ஓட்டப் போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார். நீங்கள் அனுப்பியதை அப்புறம் பார்த்தால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பையன் ஸ்கூல் இல்லை என்று அழுகிறான். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதுவும் இரவு எட்டு மணிக்கு வரும். இது தெரியாமல் நான் மூன்று வாரம் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றிலிருந்து என் வகுப்புத் திட்டம் முழுவதும் அந்த எட்டு மணிக் கைப்பேசியை வைத்துத்தான் எழுதப்படுகிறது. அதற்கு எட்டும் பாடம் மற்ற எல்லா வீட்டுக்கும் எட்டிவிடும்.

தொடக்கப்பள்ளிக் குழந்தை தானாக உட்கார்ந்து திரையைப் பார்த்துப் படிக்காது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் படிக்கும். அந்தப் பெரியவர் அம்மாவோ, தாத்தாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ, யாராக இருந்தாலும் அவருக்குத் துணை செய்வதுதான் பள்ளியின் வேலை. அவருக்குப் புரியும் மொழியில், அவருக்கு ஒழியும் நேரத்தில், அவர் வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டு.

சுற்றறிக்கையை நிறுத்திவிட்டோம். மாலையில் ஒரு குரல்பதிவு, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. தமிழ் வீடுகளுக்குத் தமிழில், மற்ற வீடுகளுக்கு இந்தியில். "அம்மா, நாளைக்குப் பிள்ளையோடு இதைச் செய்யுங்கள்" என்று ஒரே ஒரு வேலைதான் சொல்வேன். கூட்டல் பாடமா? புளியங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ராஜ்மா. பதினேழை எண்ணி வைத்து, பத்து பத்தாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். பெருக்கல் பாடத்துக்கு வாசலில் நீங்கள் வைக்கும் கோலப்புள்ளி போதும். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. புள்ளியை வைத்துவிட்டு மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணினால் எண்ணட்டும், தடுக்க வேண்டாம். நான்காம் நாள் தானாகவே ஐந்து, பத்து, பதினைந்து என்று தாவும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் கோலம் போடத் தெரியும். அவருக்குத் தெரிந்த கணக்கு அது. "எனக்கு ஒன்றும் தெரியாது டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பாடத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டார்கள்.

மொழிப்பாடத்துக்குத் திரையைவிடச் சாதாரணத் தொலைபேசி அழைப்பே மேல் என்பது என் அனுபவம். இணைய வகுப்பில் முப்பது பிள்ளைகளின் ஒலியையும் அணைத்துவைத்தால்தான் என் குரல் கேட்கும். ஆனால் பிள்ளை வாசிப்பது என் காதில் விழாது. தில்லியில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு ழகரம் எளிதில் வருவதில்லை. தெருவில், கடையில், விளையாட்டில் எங்கும் அந்த ஒலி இல்லை. 'மழை', 'மலை' இரண்டையும் ஒன்றுபோலவே சொல்வார்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு முறை, இரவு எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் அழைப்பேன். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். நாக்கு எங்கே இடறுகிறது என்று குரலிலேயே தெரிந்துவிடும். இதற்கு டேட்டா வேண்டாம், நல்ல கைப்பேசியும் வேண்டாம். என் இரவு நேரம் போகிறது, உண்மைதான். அதற்கு ஈடாகப் பகலில் எங்கள் வேலைநேரத்தைக் குறைத்துக் கொடுக்கும்படி பள்ளி நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினோம். எல்லாப் பள்ளிகளும் இதைச் செய்ய வேண்டும். ஆசிரியரின் உறக்கத்தை வாங்கிக் கல்வி நடத்தக்கூடாது.

திரை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் முகத்தைப் பார்த்தால் குழந்தைக்கு ஒரு தெம்பு. ஆனால் அளவு வேண்டும். மத்திய அரசு 2020 ஜூலையில் இணையவழிக் கல்விக்காக வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அரைமணி நேர அமர்வு ஒன்றே போதும் என்பேன்.

இன்னொன்று. வீட்டில் மூத்த பெண் ஆறாவதோ ஏழாவதோ படித்தால், தம்பிக்கு ஆசிரியை அவள்தான் என்று ஆகிவிடுகிறது. அவளுடைய வகுப்பும் அதே நேரத்தில், அதே கைப்பேசியில். தம்பிக்காகக் கைப்பேசியை விட்டுக்கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இதை வீட்டின் தலையில் கட்டக்கூடாது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் எந்தெந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. நேர அட்டவணை போடும்போது அதைப் பார்த்துப் போட்டால் அந்தப் பெண்ணின் பாடம் கெடாது.

சோறு பற்றியும் சொல்ல வேண்டும். அரசுத் திட்டப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி, 12 கிராம் புரதம் உண்டு. பள்ளி மூடினால் அந்தத் தட்டும் மூடிவிடுகிறது. 2024 நவம்பர் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியது. மதிய உணவை இழக்கும் பிள்ளைகள், இணைய வகுப்புக்கு வசதி இல்லாதவர்கள், வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் இல்லாதவர்கள் எல்லாரையும் அது நினைவில் கொண்டது. அதன் பிறகுதான் நேரிலும் வரலாம், வீட்டிலிருந்தும் படிக்கலாம் என்ற கலப்பு முறை வந்தது. தகரக் கூரை வீட்டுக்குள் இருக்கும் காற்று வெளியே இருப்பதைவிடச் சுத்தம் என்று யார் சொன்னது? வீட்டிலிருந்து படிப்பது எல்லாருக்கும் ஒன்றுபோல் பாதுகாப்பு இல்லை. பாடத்தை வீட்டுக்கு அனுப்பும் நாளில் உணவுப்பொருளையும் அனுப்ப வழி செய்ய வேண்டும். கொரோனா காலத்தில் உலர்பொருளாகக் கொடுத்தார்கள், அது முடிகிற காரியம்தான்.

தில்லியின் புகைமூட்டம் சொல்லாமல் வருவதில்லை, ஆண்டுதோறும் வருகிறது. அப்படியிருக்க ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வந்த இரவில் ஓடுவது ஏன்? நாங்கள் அக்டோபரிலேயே ஒரு துணிப்பையைத் தயார் செய்துவிடுகிறோம். சிலேட்டு, பலப்பம், பெரிய எழுத்துக் கதைப்புத்தகம் இரண்டு, ஒன்று முதல் நூறு வரை எண் அட்டை, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. கதவு மூடும் நாளில் பை பிள்ளையோடு வீட்டுக்குப் போகும், திறக்கும் நாளில் திரும்பி வரும். கதைப்புத்தகம் சில சமயம் குழம்புக் கறையோடு வரும். அதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி. யாரோ அதை அடுப்படியில் வைத்து வாசித்திருக்கிறார்கள்.

பிள்ளைக்காக நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அழகான கையெழுத்தில் வரும் விடைத்தாளிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. கோணல் எழுத்தோடு, ஐந்தைத் திருப்பிப் போட்டு வந்தால், மறுநாள் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். அக்டோபர் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று செய்திகளை வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்: கைப்பேசி யார் கையில் இருக்கும், வீட்டுக்கு எத்தனை மணிக்கு வரும், பிள்ளையோடு உட்காரப்போவது யார். ஆசிரியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் பிள்ளையை விட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லி அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை.

நன்றி. வணக்கம்.