ராக்கெட் கிளம்பிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம். ராக்கெட் கிளம்புகிற அன்று எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். கவுன்ட்டவுன், நெருப்பு, புகை, கைதட்டல், மறுநாள் பேப்பரில் ஒரு படம், அத்தோடு சரி. நான் பேச வந்தது அதற்கப்புறம் வருகிற மாதங்களையும் வருஷங்களையும் பற்றி. விண்வெளித் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டில் இருந்தபடி ஒரு விண்கலத்தின் கூடவே போக முடியும். என்னைக் கேட்டால், செய்தியில் வராத அந்தக் காலம்தான் அருமையான காலம்.

நாசாவுக்கு அமெரிக்காவில் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில் மாட்ரிட், ஆஸ்திரேலியாவில் கான்பெரா என்று மூன்று இடங்களில் பெரிய ஆன்டெனாக்கள் இருக்கின்றன. பூமி எப்படிச் சுழன்றாலும் விண்கலம் ஏதாவது ஓர் இடத்துக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இந்த நிமிஷம் எந்த ஆன்டெனா யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதை நாசாவின் ‘டி.எஸ்.என். நவ்’ இணையப் பக்கத்தில் யாரும் பார்க்கலாம். டி.எஸ்.என். என்பது இந்த ஆன்டெனா வலையமைப்பின் பெயர். ‘வி.ஜி.ஆர்.1’ என்று தெரிந்தால் அது வாயேஜர் 1, மனிதன் அனுப்பியதிலேயே மிகத் தொலைவில் இருக்கும் கலம், 1977-ல் கிளம்பியது. அதைத் தொட்டால் சிக்னலின் வலிமை, தரவு வரும் வேகம், போய்வர ஒளிக்கு ஆகும் நேரம் எல்லாம் வரும். வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 160 பிட்தான். நம் போனில் வருகிற சின்னப் படம் ஒன்று அந்த வேகத்தில் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

2023 நவம்பரில் அந்தக் கலம் அனுப்புவது திடீரென்று அர்த்தமில்லாமல் போய்விட்டது. சிக்னல் வருகிறது, உள்ளே விஷயம் இல்லை. ஒரு கட்டளை போய்ச் சேரவே 22½ மணி நேரம், பதில் வர இன்னொரு 22½ மணி நேரம், அதனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கிட்டத்தட்ட இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், அதுவும் கேள்வி சரியானதாக இருந்தால். அந்த மாதங்களில் நான் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன், ஆன்டெனா கலத்தை நோக்கித் திரும்பியிருக்கும், சிக்னல் வந்துகொண்டிருக்கும், அது ஒன்றே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கடைசியில் கணினியின் நினைவகத்தில் ஒரு சிப் கெட்டுப்போனது தெரிந்தது. அதில் இருந்த நிரலை மொத்தமாக வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் அவ்வளவு காலி இடம் ஒரே இடத்தில் இல்லை. துண்டு துண்டாகப் பிரித்து, ஆங்காங்கே வைத்து, துண்டுகள் சேர்ந்து வேலை செய்யும்படி திருத்தினார்கள். 2024 ஏப்ரல் 18-ல் முதல் துண்டு போனது, 20-ல் பதில் வந்தது, ஐந்து மாதத்துக்குப் பிறகு கலம் தன் நிலைமையைப் புரியும்படி சொன்னது. முழுசாகப் பின்தொடர்ந்தவர்களுக்கு அன்றைய சந்தோஷம் எந்த ஏவுதலிலும் கிடைக்காது.

வேடிக்கை பார்ப்பதோடு நிற்கவும் வேண்டியதில்லை. நாசாவின் ‘இமேஜ்’ செயற்கைக்கோள் 2005 டிசம்பரில் பேச்சு மூச்சில்லாமல் போனது. 2018 ஜனவரியில் கனடாவில் ஸ்காட் டில்லி என்ற அமெச்சூர் வானொலி ஆர்வலர், வேறொரு செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது இதன் சிக்னலைப் பிடித்துவிட்டார். நெருங்கி வரும்போது அலைவரிசை ஏறும், விலகும்போது இறங்கும், அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்தை வைத்தே பாதையைக் கணக்கிட்டு இன்ன கலம் என்று சொல்லிவிடலாம். நாசாவும் அது இமேஜ்தான் என்று உறுதிசெய்தது. 2019-ல் நொறுங்கிய விக்ரம் லேண்டரின் சிதறல் ஒன்றை நாசா வெளியிட்ட நிலவுப் படங்களில் முதலில் கண்டவரும் ஓர் ஆர்வலர்தான், சண்முக சுப்பிரமணியன். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, முன்பு இல்லாத ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியைத் தேடிப் பிடித்தார். எவ்வளவு பொறுமை வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, ஒரே ஒரு கலத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான். படங்கள் பிடிக்கும் என்றால் ஜூனோ. 2016 முதல் வியாழனைச் சுற்றுகிறது, அதன் கேமராப் படங்களைத் திருத்தாமல் அப்படியே பொதுவில் போடுகிறார்கள். கலம் சுழன்றுகொண்டே எடுப்பதால் படம் பட்டை பட்டையாக வரும், ஒட்டிச் சேர்த்து நிறம் கொடுப்பது நம் வேலை. கணக்கு பிடிக்கும் என்றால் நாசாவின் ‘ஹொரைஸன்ஸ்’ இணையப் பக்கம். கலத்தின் பெயரையும் தேதியையும் கொடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று அட்டவணை போட்டுத் தரும். வாயேஜர் 1-க்கு ஒரு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள், சில மாதங்கள் அது நமக்குக் கிட்டே வருவது போலத் தெரியும். திரும்பி வரவில்லை. அது விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது, நம் பூமியோ சூரியனைச் சுற்றி 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அதனால் பூமி அந்தப் பக்கமாகப் போகிற மாதங்களில் இடைவெளி குறைகிறது.

அதே கலம் 2026 நவம்பரில் முதன்முதலாக ஓர் ஒளிநாள் தொலைவை எட்டும் என்பது கணக்கு, அதாவது ஒளி ஒரு நாளில் போகும் தூரம், கிட்டத்தட்ட 2,590 கோடி கிலோமீட்டர். எந்தத் தேதி, எத்தனை மணி என்பதை ஹொரைஸன்ஸில் நீங்களே கண்டுபிடியுங்கள். வணக்கம்.